ரேடார் நின்றால் விமானம் விழாது, ஆச்சி

மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை கேட்டவர் எங்கள் தெருக்கோடி வீட்டு ஆச்சி. 2025 நவம்பர் 7. டெல்லியிலிருந்து மதுரைக்குப் பேரன் வரவேண்டும். மறுநாள் வீட்டில் சாந்தி கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், முகப்பில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. விமானம் கிளம்பவில்லை. அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு புண்ணியவான், டெல்லி ரேடார் வெடித்துவிட்டது என்று போட்டுவிட்டார்.

"தம்பி, நீங்கதான அதுல வேலை பார்த்தவுக. மேல பறக்குறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிருமாமே?"

முப்பது வருஷம் விமானப் போக்குவரத்து ரேடார், ரேடியோ கருவிகளைக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வுக்குக் காரைக்குடி வந்தவன் நான். விமானத்தை வழிநடத்துகிறவர்கள் வேறு, நாங்கள் வேறு. அவர்கள் பார்க்கும் திரை அணையாமல் காப்பது எங்கள் பிழைப்பு. திரை ஒழுங்காக எரியும்வரை எங்களை யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு டெல்லியில் ரேடார் கெடவே இல்லை. கெட்டது ஏ.எம்.எஸ்.எஸ். எந்த விமானம், எந்த வழி, எவ்வளவு உயரம் என்ற பயணத் திட்டத் தகவலைக் கட்டுப்பாட்டாளர்களுக்குக் கொண்டுசேர்க்கும் கணினி அமைப்பு. அது படுத்ததும் திட்டங்களைக் கையால் தயாரித்தார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். கணினி போனால் பேரேட்டை விரித்து உட்காருவதில்லையா, அதேதான். கணக்கு நிற்காது, வேகம்தான் குறையும்.

சரி, நிஜமாகவே ரேடார் போனால்? விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும் கயிறா ரேடார்? இல்லை ஆச்சி, இல்லவே இல்லை. எஞ்சின் விமானத்தில், உயரமானி விமானத்தில், வழிகாட்டும் கருவி விமானத்தில். ரேடார் என்பது கீழே இருப்பவரின் கண், அவ்வளவுதான். கண் மறைத்தால் ரேடாருக்கு முந்தைய காலத்து முறைக்குப் போவார்கள். ஆளுக்கொரு உயரம், இடையே 1000 அடி. ஒரே வழியில் ஒரே உயரம் என்றால் பொதுவாகப் பத்து நிமிட இடைவெளி. எங்கே இருக்கிறேன் என்று விமானி ரேடியோவில் வாயால் சொல்லவேண்டும். ரேடார் இருந்தால் 5 கடல் மைல் போதும், அதாவது ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். பத்து நிமிடத்தில் ஜெட் விமானம் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அத்தனை இடம் விட்டால் வானில் எத்தனை பேருக்கு இடம்? மற்றவர்கள் தரையில் காத்திருக்கத்தான் வேண்டும். நீங்கள் திட்டுகிறீர்களே அந்தத் தாமதம், அதுதான் பாதுகாப்பு.

1996-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 உயிர் போனது. அன்று டெல்லி ரேடாரில் விமானம் புள்ளியாகத் தெரியும், உயரம் தெரியாது. அதற்குப் பிறகுதான் மோதல் எச்சரிக்கைக் கருவி இந்தியாவில் கட்டாயமானது. அது விமானத்துக்கு விமானம் நேராகப் பேசும், தரையைக் கேட்காது.

பழுது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சப்பென்று இருக்கும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நெவார்க் விமானங்களைக் கவனிக்கும் மையத்தில் ரேடாரும் ரேடியோவும் ஏறக்குறைய 90 நொடி செத்துப்போயின. ஆன்டெனா நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. தகவல் கொண்டுவந்த செப்புக் கம்பிதான் காலை வாரியது. 2023 புத்தாண்டு அன்று பிலிப்பைன்ஸின் மணிலாவில் கரண்டும் யூ.பி.எஸ்ஸும் சேர்ந்து சதி செய்ய, நாட்டின் வான்வெளியையே சில மணி நேரம் மூடினார்கள். கேபிள், பேட்டரி, ஏ.சி., எர்த். என் பணிக்காலப் பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த நாலுக்குள்தான். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தவனை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனசு வராது. பேட்டரியை ஆராய சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையத்தையே வைத்திருக்கிற ஊர் நம்முடையது, வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றத்தான் யாருக்கும் நேரமில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விமானத்தில் வராதீர்கள். இரண்டு நாள் முன்னால் வாருங்கள். தொடர் விமானம் என்றால் ஒரே டிக்கெட்டில் எடுங்கள், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததை மாற்றித்தருவது அவர்கள் பொறுப்பாகும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் கைப்பையில். கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு ரேடார் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வாட்ஸப்பில் வந்ததை அனுப்புமுன் கொஞ்சம் பொறுங்கள், ஆச்சிக்கு ரத்தக்கொதிப்பு.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வீடு புதுப்பிக்க, குழாய் பதிக்க என்று சாலையோரத்தில் ஜே.சி.பி.யை இறக்குமுன் கீழே என்ன போகிறது என்று கேளுங்கள். 'கால் பிஃபோர் யு டிக்' என்று அரசின் செயலியே 2023 முதல் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் ரேடார் தகவல் அற்றுப்போய், இரவெல்லாம் கருவியைக் கழற்றிப் பார்த்தோம். விடிந்ததும் தெரிந்தது, பல கிலோமீட்டர் தள்ளி எவரோ கழிவுநீர்க் குழி தோண்டியிருந்தார். மாற்றுக் கேபிளும் அதே பள்ளத்தில்தான் போயிருந்தது.

பேரன் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தான். ஆச்சி கவுனி அரிசி எடுத்துவைத்திருந்தார்.