சுழலாத வட்டு

“எம்பிராய்டரி இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது, பிளாப்பி டிரைவ் மட்டும் செத்துவிட்டது. அந்த இடத்தில் பென் டிரைவ் செருகும் பெட்டியைப் பொருத்தலாம் என்கிறார்கள். பென் டிரைவ் பிறப்பதற்கு முன்பே வந்த இயந்திரம் அதை எப்படிப் படிக்கும்?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

படிக்காது. ஏமாறும்.

பிளாப்பியில் வாசிப்பு முனை வட்டின் மேல் உரசிக்கொண்டே ஓடுகிறது. நூல் தூசி பறக்கும் இடத்தில் அது நெடுநாள் தாங்காது. புது வட்டு வாங்கலாம் என்றால், சோனியே 2011இல் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. கொள்ளளவு ஒருபோதும் குறையாக இருந்ததில்லை. தையல் டிசைனைச் சேமிக்கும் டிஎஸ்டி வகைக் கோப்பில் ஒரு தையலுக்கு 3 பைட். பத்தாயிரம் தையல் போட்டாலும் 30 கிலோபைட்டைச் சற்றே தாண்டும்.

இனி அந்த ஏமாற்று வேலை. இயந்திரத்தின் மின்சுற்றுக்கு வட்டு என்ற ஒன்றைத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 34 கம்பிக் கேபிளில் ஏறி இறங்கும் மின்னழுத்தங்கள்தான். ‘வாசிப்பு முனையை ஒரு தடம் (வட்டிலுள்ள வளையப் பாதை) நகர்த்து’ என்று ஒரு கம்பியில் துடிப்பு அனுப்பும். ‘பூஜ்ஜியத் தடத்துக்கு வந்துவிட்டேன்’ என்று வேறொரு கம்பியில் பதில் எதிர்பார்க்கும். உண்மையான டிரைவில் முனை நகரும், உணரி பதில் தரும். பென் டிரைவ் செருகும் பெட்டியான பதிலி டிரைவில் நகர்வதற்கு எதுவுமில்லை. சில்லுக்குள் ஓர் எண் கூடும், குறையும். பூஜ்ஜியமானதும் பதில் போய்விடும்.

வட்டின் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி. சுற்றுக்கு ஒருமுறை வரவேண்டிய அடையாளத் துடிப்பையும் சில்லு, எதுவும் சுழலாமலே, தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். வட்டில் 0, 1 என்று எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. காந்தப் புலம் திசை மாறும் இடங்கள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு மாற்றமும் ஒரு துடிப்பு. 1.44 எம்பி வட்டில் இரு துடிப்புகளுக்கு நடுவே 2, 3 அல்லது 4 மைக்ரோநொடி இடைவெளி. தரவு முழுவதும் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. பதிலி டிரைவ் பென் டிரைவிலிருந்து பைட்டுகளை எடுத்து, அவற்றை இந்த இடைவெளிகளாகப் பிரித்து, செக்டர் (தடத்தின் ஒரு துண்டு) தலைப்பு, பிழை சரிபார்ப்பு எண், செக்டர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் வரை எல்லாவற்றையும் அதே வேகத்தில் ஒப்பிக்கிறது. கேட்ட செக்டர் அப்போதுதான் கடந்துபோயிருந்தால், இல்லாத வட்டு இன்னொரு சுற்று வரும்வரை இயந்திரம் பொறுமையாகக் காத்திருக்கும்! நொடியில் அள்ளித் தரக்கூடிய பென் டிரைவும் அந்தப் பழைய கதிக்கு அடங்கித்தான் ஆகவேண்டும்.

இத்தகைய டிரைவுகளுக்கு கெய்ர் ஃபிரேசர் எழுதிய ஃபிளாஷ்ஃபிளாப்பி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. புதியதைக் கண்டுபிடிக்கப் பணம் கொட்டும் ஆராய்ச்சி அமைப்புகள், ஓடுகிற இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவைக்கும் இந்தப் பொறியியலுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

வாங்கும்முன் இயந்திரம் படிக்கும் வட்டு 720 கேபியா, 1.44 எம்பியா என்று பாருங்கள். துடிப்பு இடைவெளியே இரண்டுக்கும் வேறு. 34ஆம் கம்பியில் சில இயந்திரங்கள் ‘தயார்’ என்ற செய்தியையும், சில ‘வட்டு மாறியது’ என்ற செய்தியையும் எதிர்பார்க்கும். பதிலி டிரைவிலுள்ள ஜம்பரையோ (சிறு இணைப்புத் துண்டு) மென்பொருள் அமைப்பையோ அதற்கேற்ப மாற்றவேண்டும். சில பழைய இயந்திரங்கள் கணினிக்குப் புரியாத சொந்த அமைப்பில் வட்டை எழுதின. அவற்றில் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பயனில்லை. வட்டு முழுவதையும் துளி விடாமல் ஒரே கோப்பாக, அதாவது பிம்பமாக எடுக்கவேண்டும். பழைய டிரைவ் விட்டுவிட்டாவது படிக்கிறது என்றால், கழற்றுவதற்கு முன்பே டிசைன் வட்டுகளைப் பிம்பமாக எடுத்துவிடுங்கள்.