காக்கை அல்லாத கறுப்புகள்

பழவேற்காடு ஏரிக்கரையில், காலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கிற நேரத்தில் நின்று பாருங்கள். எல்லாப் பறவையும் கறுப்புதான். வெளிச்சத்துக்கு எதிரே வந்தால் வெள்ளைக் கொக்குகூட கருநிழலாகத்தான் தெரியும். அதனால் கரையோரம் கறுப்பாக ஒன்றைக் கண்டால் நிறத்தை விட்டுவிட்டு, வாலையும் அது உட்கார்ந்திருக்கும் தோரணையையும் பார்க்கப் பழகுவது நல்லது.

மின்கம்பியில் தனியாக ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதா? வால் நுனி மீன்வால் போலப் பிளந்திருந்தால் அது கரிச்சான். ஊர்ப்பக்கம் இரட்டைவால் குருவி என்பார்கள். வாலோடு சேர்த்து சுமார் 28 செ.மீ. நீளம்தான். கம்பியிலிருந்து சட்டென்று கிளம்பி, பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே கவ்வி, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். மேயும் மாட்டின் முதுகில் ஏறிக்கொள்வதும் உண்டு. மாட்டின் காலடிபட்டு எழும்பும் வெட்டுக்கிளிகள்மேல்தான் அதற்குக் கண். கூடு பக்கம் காக்கையோ பருந்தோ வந்தால் தன்னைவிடப் பெரியது என்று பார்க்காமல் பாய்ந்து விரட்டும். அந்தக் காவலை நம்பிப் புறாக்களும் மாங்குயில்களும் அதே மரத்தில் கூடு கட்டுவதைப் பறவை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

காக்கையையும் குயிலையும் பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் நம் வீட்டுக் காக்கை. உடம்பு முழுக்கக் கறுத்து, அலகு தடித்து வளைந்திருந்தால் அண்டங்காக்கை. ஆண் குயில் ஒல்லியானது, வால் நீண்டது, அலகு வெளிர்பச்சை, கண் ரத்தச் சிவப்பு. பெண் குயில் கறுப்பே இல்லை. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். ‘கூ...ஊ’ என்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போகும் அந்தப் பாட்டைப் பாடுவதும் ஆண்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நட்டுவைத்த மூங்கில் கழிமேல் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒன்று நிற்கிறதே, அது நீர்க்காகம். பெயரில் காகம் இருந்தாலும் காக்கைக்கும் அதற்கும் உறவே இல்லை. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. இறகுக்குள் சிக்கிய காற்று அதை மிதக்கவைக்கும். மீனைத் துரத்தி முங்கும் பறவைக்கு அந்த மிதப்பு இடைஞ்சல். நீர்க்காகத்தின் ஒவ்வொரு இறகிலும் ஓரப்பகுதி தளர்ந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நடுப்பகுதி மட்டும் நனையாமல் உடம்புச்சூட்டைக் காக்கும். அதனால் உடம்பு பாதி அமிழ்ந்து, கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டு நீந்தும். வெளியே வந்தபின் நனைந்த இறக்கையைக் காயவைத்தே ஆகவேண்டும். சிறியது, கட்டை அலகுக்காரன் என்றால் சிறிய நீர்க்காகம். அதைவிடப் பெரியது, அலகு மெலிந்து நீண்டு, கண் நீலப்பச்சையாக இருந்தால் கொண்டை நீர்க்காகம்.

இத்தனை பறவைக்கும் கறுப்பைத் தருவது மெலனின், நம் தலைமுடியில் இருக்கும் அதே நிறமிதான். அதன் நுண்மணிகள் இறகின் மெல்லிய கிளைகளில் அடுக்கடுக்காக அமைந்தால், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நீலமும் பச்சையும் மின்னும். குயில் சற்றுத் திரும்பும்போது அந்த மினுமினுப்பு இடம்மாறுவது இதனால்தான். தூரத்தில் கறுப்பாகத் தெரியும் ஊதாத் தேன்சிட்டின் ஆண், வெயிலில் ஊதாவாகப் பளபளப்பதும் இதே கணக்குதான்.

மெலனின் இறகை உறுதியாக்கவும் செய்கிறது. இறகைத் தின்னும் பாக்டீரியாக்கள் வெள்ளை இறகைவிடக் கறுப்பு இறகை மெதுவாகத்தான் அரிக்கின்றன. ஈரக்காற்று வீசும் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வந்துசேரும் பழுப்புத்தலைக் கடற்காகத்தைப் பாருங்கள். பெயரில் காகம், உடம்போ வெள்ளை; இறக்கை நுனி மட்டும் கறுப்பு. காற்றோடு அதிகம் உரசித் தேய்வது அந்த நுனிதான். அந்தக் கறுப்பிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், பறக்கும்போது நன்றாகத் தெரியும். அப்புறம் கரையில் ஏதாவது கடற்காகத்தின் பழைய இறகு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்: வெள்ளைப் பகுதி பல சமயம் தேய்ந்து கிழிந்திருக்கும், பக்கத்திலேயே கறுப்பு அப்படியே நிற்கும்.