சிப்பிக்குப்பை: ‘மிடன்’ என்பதற்குச் சமையலறை எதற்கு?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஓரன்சே தீவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் அண்மையில் பார்த்தேன். “தீவின் மணற்குன்றுகளில் கற்கால மனிதர்களின் சமையலறைக் கழிவுகள் கண்டெடுக்கப்பட்டன” என்றது குரல். பழங்கால மனிதர் தின்று போட்ட சிப்பியும் எலும்பும் குவிந்த மேட்டைத் தொல்லியலார் ‘மிடன்’ என்பர்; அதற்கு நம்மவர் இட்ட இந்தச் ‘சமையலறைக் கழிவு’ எனக்குப் புதிதன்று. கட்டுரைகளிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் பல முறை எதிர்ப்பட்டதுதான். அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் திரையில் மணலைக் கீறிக்கொண்டு ஒரு சிப்பி அடுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிகையில், அதன்மேல் ‘சமையலறை’ என்ற சொல் வந்து விழுந்தபோது பொறுக்க முடியவில்லை.

மூலச்சொல்லின் கதை சிறியது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘மிடன்’ ஸ்காண்டிநேவிய வழியில் வந்த பழஞ்சொல். அதன் பொருள் சாணமும் குப்பையும் சேர்ந்த மேடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், டென்மார்க்கின் கரையோரச் சிப்பி மேடுகள் கடல் ஒதுக்கியவையா, மனிதர் தின்று போட்டவையா என்று ஸ்டீன்ஸ்ட்ரூப், வோர்சே முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து, மனிதர் போட்டவையே எனக் கண்டனர். அவற்றுக்கு ‘கோக்கென்மோடிங்’ என்ற டேனிஷ் பெயர் நிலைத்தது. ‘கோக்கென்’ அடுக்களை, ‘மோடிங்’ குப்பைமேடு. ஆங்கிலத்தார் முன்பாதியை மொழிபெயர்த்தும் பின்பாதிக்குத் தம்மிடம் இருந்த உறவுச்சொல்லை இட்டும் ‘கிச்சன் மிடன்’ என்றனர். பிறகு முன்பாதி பெரும்பாலும் உதிர்ந்துபோனது. அவர்கள் உதிர்த்துவிட்ட பாதியைத்தான் நம்மவர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

‘அறை’ என்ற உறுப்பே முதல் பிழை. ஓரன்சேயின் சிப்பி மேடுகள் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை அங்கே வருவதற்கு முன், வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்றவை. திறந்த வெளியில் நெருப்பு மூட்டி, பாறையில் ஒட்டிக்கிடக்கும் லிம்பெட் என்னும் கூம்புச் சிப்பியைப் பெயர்த்துத் தின்றவர்களுக்கு அறை கட்டிக்கொடுப்பது மொழிபெயர்ப்பாளரின் தாராள மனம் அன்றி வேறில்லை. ‘அறை’தான் சிக்கல் என்றால் பழஞ்சொல்லாகிய ‘அட்டில்’ இருக்கிறதே, ‘அட்டிற்குப்பை’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். சொல் அழகுதான்; ஆயினும் அட்டிலும் சமைக்கும் இடந்தானே, அறை போய் அட்டில் வந்ததில் என்ன தெளிவு கிடைத்தது?

அடுத்தது ‘கழிவு’. இன்றைய வழக்கில் இச்சொல் கழிவுநீர், கழிவறை என்ற இனத்தோடு சேர்ந்துவிட்டது; ஒழித்துக்கட்ட வேண்டியது என்ற உணர்வையே அது தருகிறது. ஆனால் ஓரன்சேயின் மேடுகளில் கிடைத்தவற்றைப் பாருங்கள்: எலும்பிலும் மான்கொம்பிலும் செய்து முனை தேய்த்த கருவிகள், துளையிட்ட சோழிகள், கடல்நாயின் எலும்புகள், மனிதரின் கை கால் விரல் எலும்புகள். 1970களில் தொல்லியலாளர் பால் மெல்லர்ஸ் குழுவினர் அங்கே அகழ்ந்தபோது, கெளுத்தி முள்ளினும் சிறியதாகத் தோன்றும், மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கற்களைச் சலித்தெடுத்து அளந்தனர்; மீன்களின் வளர்ச்சியை அவற்றால் கணித்து, எந்த மேட்டில் எந்தப் பருவத்தில் மனிதர் தங்கினர் என்று அறிந்தனர். இவையெல்லாம் மட்காமல் நின்றதற்கும் சிப்பியே காரணம்: அதன் சுண்ணம் மண்ணின் புளிப்பை அடக்கியதால் எலும்பு கரையவில்லை.

இன்னும் வடக்கே, ஓர்க்னித் தீவுகளில் உள்ள ஸ்காரா பிரே என்னும் கற்கால ஊர் ‘கழிவு’ என்ற சொல்லை அடியோடு மறுக்கிறது. 1850இல் ஒரு புயல் மணற்குன்றின் மேற்பரப்பைப் பிய்த்தெறிய, உள்ளிருந்து கல்வீடுகள் வெளிப்பட்டன. பின்னர் தொல்லியலாளர் கோர்டன் சைல்டு முறையாக அகழ்ந்தார். அவ்வீடுகளைச் சுற்றிலும் சாம்பல், சிப்பி, எலும்பு, மட்கிய பொருள் எல்லாம் கலந்து இறுகிய மேடு. சுவர்களை அதற்குள் புதைத்தே எழுப்பியிருந்தனர். குளிரையும் காற்றையும் தடுத்துச் சுவருக்கு அணைகொடுத்த அந்தக் கட்டடப் பொருளைக் ‘கழிவு’ என்று எழுதினால், கழிவுக்குள் குடியிருந்தவர்கள் என்றல்லவா வாசகர் எண்ணுவார்?

சிலர் ‘எச்சமேடு’ என்கிறார்கள். எச்சம் என்றால் பறவை இட்டதும் ஆகும், தொல்லுயிர் எச்சமும் ஆகும். கடற்பறவைகள் நிறைந்த தீவில் இந்தக் குழப்பம் வேறு எதற்கு? ‘சிப்பிக்குவியல்’ ஓரளவு பரவாயில்லை. ஆனால் குவியல் ஒரே நாளில் கொட்டியதாகவும் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக அடுக்கடுக்காய் ஏறியதை அது காட்டவில்லை. ‘சிப்பி மேடு’ என்பதை விளக்கத்தில் நானே ஆள்கிறேன், பொருளில் குறையில்லை. ஆனால் மணற்குன்றையும் பலர் ‘மணல்மேடு’ என்றே எழுதுவதால், வாக்கியத்தில் மேட்டின்மேல் மேடு ஏறி நிற்கிறது.

நம்மிடம் ‘குப்பை’ இருக்கிறது. அதைச் சொன்னவுடன் முகம் சுளிப்பவர்கள் அதன் மூத்த பொருளை மறந்தவர்கள். குப்பை என்றால் குவிந்தது, மேடு; நெற்குப்பை என்றபோது யாரும் மூக்கைப் பொத்தவில்லை. சாணமும் எருவும் சேர்ந்த இடம் என்ற பொருளும் அதற்கு உண்டு. குறுந்தொகையின் 305ஆம் பாட்டில் “குப்பைக் கோழித் தனிப்போர் போல” என்று வரும் குப்பை, கோழி கிளறும் அந்த மேடுதான். அத்தொடரால் பாடிய புலவருக்கே ‘குப்பைக் கோழியார்’ என்று பெயராயிற்று. ‘மிடன்’ என்ற ஸ்காண்டிநேவியப் பழஞ்சொல்லுக்குள்ள அதே இரு பொருளும், மேடும் எருவும், நம் சொல்லில் இயல்பாகவே அமைந்திருக்க, அகராதியில் ‘கிச்சன்’ என்ற சொல்லுக்கு நேர்நின்ற முதற்பொருளை எடுத்து ஒட்டியவரை என்னவென்பது? பொருளை ஒருமுறையேனும் படத்தில் பார்த்துவிட்டு மொழிபெயர்க்கும் பழக்கம் அருகிவிட்டது. தூய்மைக்காக நான் வாதாடவில்லை. ‘சமையலறைக் கழிவு’ முழுத் தூய தமிழ்தான், ஆயினும் பொய் சொல்கிறது.

ஓரன்சேயின் மேடுகளில் ஒன்றுக்கு அப்பகுதியின் கேலிக் மொழியில் ‘நாக் ஸ்லிகாக்’ என்று பெயர். சிப்பி நிறைந்த குன்று என்பது பொருள். அகழ்வாய்வாளர் வருவதற்கு முன்பே ஊரார் கண்ணால் கண்டு வைத்த பெயர் அது. அவர்கள் சமையலறையைத் தேடவில்லை. நாமும் சிப்பி மிகுந்த இடத்தில் ‘சிப்பிக்குப்பை’ என்றும், ஸ்காரா பிரேயைப் போல எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் ‘தொல்குப்பை’ என்றும் எழுதலாம். அந்த ஆவணப்படத்தின் வாக்கியம் அப்போது “தீவின் மணற்குன்றுகளில் கற்கால மனிதர்களின் சிப்பிக்குப்பைகள் கண்டெடுக்கப்பட்டன” என்று வந்திருக்கும்.