‘ஒன்னும் தெரியல’ என்று சொன்ன கால்

தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள், கோலாலம்பூர் செந்தூலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிய வலி அவருக்கு இன்னும் விடவில்லை. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 60 வெள்ளிக்கு வாங்கிய ஒரு சின்னக் கருவியை மடியில் வைத்திருந்தார். அதிலிருந்து இரண்டு ஒயர்கள். ஒரு ஒட்டுப்பட்டை கணுக்காலுக்குப் பின்னால், இன்னொன்று உள்ளங்காலில். திரையில் 15 என்று காட்டியது. 20தான் உச்சம்.

“இது சரியா வேலை செய்யலப்பா, ஒன்னும் தெரியல” என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால்விரல்கள் ஐந்தும் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

விரல் ஆடுகிறது, ஆனால் காலுக்குத் தெரியவில்லை. இது எப்படி?

இந்தக் கருவிக்கு டென்ஸ் என்று பெயர். தோலுக்கு மேலிருந்தே நரம்பை மின்சாரத்தால் தட்டி எழுப்புவது இதன் வேலை. இதன் உடன்பிறப்பு இ.எம்.எஸ். அது நரம்பு வழியாகத் தசையையே சுருங்க வைக்கும். இப்போது விற்பவற்றில் பல, இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து வருகின்றன. இரண்டிலும் மின்சாரம் ஒன்றுதான். துடிப்பின் நீளமும் வலுவும் வேகமும்தான் மாறும்.

தோலுக்கடியில் பல வகை நரம்பிழைகள் ஓடுகின்றன. தொடுகையைச் சொல்லும் இழைகள் தடித்தவை, கொழுப்பு உறை போர்த்தியவை. கொஞ்சம் மின்சாரம் பட்டாலே விழித்துக்கொள்ளும். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகளும் தடித்தவைதான், ஆனால் பெரும்பாலும் இன்னும் ஆழத்தில் இருப்பதால் சற்றுக் கூடுதலாகத் தட்ட வேண்டும். வலியைச் சொல்லும் இழைகள் மெல்லியவை, கடைசியில்தான் எழும். அதனால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் குறுகுறுப்பு, அடுத்து துடிப்பு, அதற்கப்புறம்தான் சுரீர் என்று வலி. கருவியின் கையேடு ‘உங்களுக்கு இதமாக இருக்கும் அளவுக்குக் கூட்டவும்’ என்று சொல்வது இந்த வரிசையை நம்பித்தான். ஆக, அளவுமானி பெட்டிக்குள் இல்லை. உங்கள் தோலில் இருக்கிறது.

அத்தைக்கு இனிப்பு நீர் வந்து 14 வருடம் ஆகிறது. சர்க்கரை நீண்ட நாள் கூடியிருந்தால் முதலில் அடிபடுவது உடம்பிலேயே நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகிறவை. அவற்றிலும் பெரும்பாலும் உணர்வு முதலில் மங்கும், அசைவு பிறகுதான் குறையும். அத்தை விஷயத்தில் முதல் படியான குறுகுறுப்பே காணாமல் போயிருந்தது. அதனால் கருவி ஓடவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தக் கருவிகளை அதிகம் தேடி வாங்குவதும் கால் எரிச்சலும் மரத்துப்போவதும் உள்ள அவர்களில் பலர்தான் என்பது என் அனுமானம்.

நான் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கி, பட்டையை உரித்தேன். உள்ளங்காலில் சதுரமாக ஒரு சிவப்பு. அதன் ஒரு மூலை மட்டும் கூடுதலாகச் சிவந்திருந்தது. பட்டையைத் திருப்பிப் பார்த்தால், மற்ற மூன்று மூலைகளும் காய்ந்து, நூல் தூசியும் ரோமமும் ஒட்டிக் கிடந்தன. தோலோடு நன்றாக ஒட்டியிருந்தது அந்த ஒரு மூலைதான். முழுப் பட்டையிலும் பரவ வேண்டிய மின்சாரம் அந்தச் சிறு இடத்துக்குள்ளேயே முண்டியடித்துப் புகுந்திருக்கிறது. பட்டையின் அளவு பாதியானால் அதே மின்னோட்டத்தின் நெருக்கம் இரட்டிப்பாகும். பட்டையைக் கத்தரித்துச் சின்னதாக்குவதும் காய்ந்ததைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவதும் ஆபத்தாவது இதனால்தான். இன்னொன்று, நம் வீடுகளில் வலி என்றதும் முதலில் கை போவது தைலத்துக்கு. எண்ணெய்ப் பசை மின்சாரத்தைக் கடத்தாது. பட்டையும் சரியாக ஒட்டாது. தைலம் தேய்த்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் ஒட்ட வேண்டும். லேசாகக் காய்ந்த பட்டைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உயிர் கொடுக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

சரி, குறுகுறுப்பு எப்படி வலியைக் குறைக்கிறது? முட்டியை இடித்துக்கொண்ட பிள்ளைக்கு அம்மா தேய்த்து விடுவாரே, அதே கதைதான். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். தொடுகைச் செய்தி நிறைய வந்தால் அது வலிச் செய்திக்குப் பாதி சாத்திக்கொள்ளும். டென்ஸ் விநாடிக்கு 80 முதல் 100 முறை வரை தட்டுவது இந்த வாசலில் கூட்டம் சேர்க்கத்தான். விநாடிக்கு 2 முதல் 4 முறை மெதுவாகத் தட்டினால் உடம்பு தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்பினைச் சுரக்கும் என்பது இன்னொரு வழி. கருத்து பின்னால் வந்தது, வைத்தியம் பழசு. கிளாடியஸ் மன்னர் காலத்து ரோமானிய வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் பரிந்துரைத்திருக்கிறார். அந்த மீனுக்கு அளவு குறைக்கும் பொத்தான் கிடையாது.

எப்படியானாலும் இது வலியை மறைக்கிறதே தவிர, அடிபட்ட தசையைச் சரிசெய்வதில்லை. பத்து நிமிடத்தில் குறுகுறுப்பு மங்குவதும் இயல்பு, நரம்பு பழகிவிடுகிறது. உடனே ஏற்றிவிடத் தோன்றும். ஒரு படி ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். 20, 30 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒட்டிக்கொண்டே தூங்குவதும் வண்டி ஓட்டுவதும் கூடாது.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகளின் உச்ச மின்னோட்டம் 80 மில்லியாம்பியர் வரைகூடப் போகும். வீட்டுப் பிளக்குகளைக் காக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் பொதுவாக 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அப்படியானால் நாம் ஏன் உயிரோடு இருக்கிறோம்? ஒவ்வொரு துடிப்பும் விநாடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு நேரம்தான். விநாடிக்கு 100 துடிப்பு என்றாலும், மொத்தத்தில் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே மின்சாரம் ஓடுகிறது. அதுவும் இரண்டு பட்டைகளுக்கு நடுவிலேயே பெரும்பாலும் சுற்றி வருகிறது. ஒன்றை மார்பிலும் மற்றதை முதுகிலும் ஒட்டினால் நடுவில் இருப்பது இதயம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது, ஏனென்றால் கருவியின் துடிப்பை இதயத்தின் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தப்பாகப் படித்துவிடக்கூடும். கழுத்தின் முன்பக்கம், கர்ப்பிணியின் வயிறு, புண் உள்ள தோல், புற்றுநோய் உள்ள இடம் எல்லாம் விலக்கு. வலிப்பு நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சார்ஜரில் செருகியபடி உடம்பில் ஒட்டாதீர்கள்; சார்ஜர் மட்டமானதாக இருந்தால் சுவர் மின்சாரத்துக்கும் உங்களுக்கும் நடுவே நம்பகமான தடுப்பு எதுவும் இல்லை.

இ.எம்.எஸ். பக்கம் வந்தால் வேறு ஒரு வேடிக்கை. நாமாகக் காலை மடக்கும்போது மூளை சின்னத் தசைப் பிரிவுகளை முதலில் கூப்பிட்டு, களைத்தவற்றுக்கு ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றி வேலை வாங்கும். கருவிக்கு அந்த நயம் தெரியாது. பட்டைக்குக் கீழே இருக்கும் அதே பிரிவுகளையே திரும்பத் திரும்பச் சாட்டையால் அடிக்கும். அதனால் தசை சீக்கிரம் களைத்துவிடும். அளவு மீறினால் இழைகள் உடைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும். உடம்பு முழுக்க இ.எம்.எஸ். உடுப்பு மாட்டி முதல் நாளே கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு இப்படி ஆனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பி நிறத்தில் போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முட்டி அறுவைக்குப் பிறகு தொடைத்தசை மெலியாமல் பார்த்துக்கொள்ள ஃபிசியோ இதைப் பயன்படுத்துவது நல்ல வைத்தியம். தொப்பை கரையும் என்று பெல்ட் விற்பது வியாபாரம்.

மசாஜ் துப்பாக்கியில் மின்சாரம் உடம்புக்குள் வராது, தலை மட்டும் நிமிடத்துக்கு 2000, 3000 முறை இடிக்கும். சதைப் பகுதியில் ஓரிரு நிமிடம் போதும். எலும்பின் மேலும் கழுத்திலும் வைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போகக்கூடும். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் துப்பாக்கியும் வேண்டாம், உருவி விடவும் வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும். பிரிக்பீல்ட்ஸில் தொழில் செய்யும் பார்வையற்ற மசாஜ்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, விரல் வீக்கத்தையும் சூட்டையும் உணரும். துப்பாக்கிக்கு விரல் இல்லை.

வாங்குவதற்கு முன், மருத்துவக் கருவி ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2012ஆம் ஆண்டின் சட்டம் 737 அதற்காகத்தான் இருக்கிறது.

அன்று அத்தையைக் கண்ணை மூடச் சொன்னேன். பல்குச்சியின் மழுங்கிய முனையாலும் பஞ்சாலும் மாற்றி மாற்றி உள்ளங்காலைத் தொட்டு, குத்துகிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று கேட்டேன். ஃபிசியோக்கள் பட்டை ஒட்டுமுன் செய்கிற சோதனை இது. முட்டிக்குக் கீழே சரியாகச் சொன்னார். கணுக்காலில் தடுமாறினார். பாதத்தில் பஞ்சை வைத்து ஐந்து விநாடி ஆன பிறகு, “தொடுப்பா, ஏன் சும்மா இருக்க?” என்றார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் பாதப் பரிசோதனைக்குப் பேர் கொடுத்தாயிற்று. கருவி இப்போது மாமாவின் தோள்பட்டைக்குப் போய்விட்டது. அவர் 4க்கு மேல் ஏற்றினாலே “ஐயோ” என்கிறார்.