தனி உள்ளாட்சி இல்லாத ஊர்

அமெரிக்கக் கணக்கெடுப்பு ஆவணங்களில் அடிக்கடி வரும் 'அன்இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி' என்ற தொடரைத் தமிழில் 'ஒருங்கிணைக்கப்படாத சமூகம்' என்று எழுதுவதுண்டு. படிப்பவருக்கு அது, ஒற்றுமையின்றிப் பிரிந்து கிடக்கும் மக்கள் கூட்டம் என்றே படும். மூலச்சொல்லில் அப்பொருள் சிறிதும் இல்லை.

இலத்தீனில் 'கார்ப்பஸ்' என்றால் உடல். அதன் வழிவந்த 'இன்கார்ப்பரேட்' என்னும் வினை, சட்ட வழக்கில், பலர் சேர்ந்த அமைப்பொன்றைச் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமையுள்ள ஒற்றை ஆளாக ஏற்பதைக் குறிக்கும். மாநிலச் சட்டப்படி அவ்வாறு உருப்பெற்ற ஊருக்குத் தனக்கென எல்லையும் மன்றமும் உண்டு. உருப்பெறாத ஊரிலும் வீடுகள், கடைகள், தலைமுறைகளாக வழங்கும் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதன் நிர்வாகத்தை 'கவுன்ட்டி' என்னும் வட்டார அரசே பார்க்கும்.

இத்தகைய ஊர்களில் பெரும்பாலானவை சிற்றூர்களே என்றாலும், அளவு இலக்கணம் ஆகாது. சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர்பெற்ற லாஸ் வேகஸ் பெருந்தெருவின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரில் இல்லை. தெற்கே, பாரடைஸ் என்ற உருப்பெறாத ஊரில் இருக்கிறது. பயணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் 'லாஸ் வேகஸுக்கு நல்வரவு' பலகைகூடப் பாரடைஸ் மண்ணில்தான் நிற்கிறது. அஞ்சல் முகவரியில் லாஸ் வேகஸ் என்றே எழுதுகிறார்கள். 2020 கணக்கெடுப்போ பாரடைஸின் 1,91,238 பேரைத் தனியாகக் காட்டுகிறது.

சட்ட எல்லையே இல்லாத ஊரில் எண்ணுவது எப்படி? 1940 கணக்கெடுப்புத் தாளின் தலைப்பிலேயே இத்தகைய ஊரின் பெயரை எழுதத் தனி இடம் விட்டிருந்தார்கள். 72 ஆண்டு மறைகாப்பு முடிந்து 2012இல் அத்தாள்கள் வெளிவந்தபின், முன்னோரைத் தேடுவோர் முதலில் பார்க்கவேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்று. ஊர்ப்பெயர் அங்கே இல்லையென்றால் ஊரே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கவுன்ட்டி, கணக்கெடுப்பு வட்டம் ஆகியவற்றின் வழியே தேடவேண்டும். 1950 முதல் கணக்கெடுப்புத் துறை இத்தகைய ஊர்களுக்குப் புள்ளிவிவரத்துக்கென்றே எல்லை வரைந்தது. 1980இல் அப்படி வரையப்பட்ட இடத்துக்குச் 'சென்சஸ் டெசிக்னேட்டட் பிளேஸ்' என்று பெயரிட்டது. 2000இல் குறைந்தபட்ச மக்கள்தொகை வரம்பும் நீங்கியது. அந்தக் கோட்டுக்குச் சட்ட வலு கிடையாது. இவ்வூர்கள் அனைத்துக்கும் கோடு வரையப்படுவதும் இல்லை. ஆகவே இரண்டு தொடரையும் ஒன்றாக்குவது பிழை.

தமிழில் எப்படிச் சொல்வது? 'உருப்பெறாத ஊர்' வேர்ப்பொருளுக்கு நெருக்கமானது. ஆயினும் 'உருப்படாத' என்ற வசைச்சொல் காதில் விழுவதால் அதை நான் ஏற்கவில்லை. 'நகராட்சி இல்லாத ஊர்' என்றால் சிறிய 'டவுன்', 'வில்லேஜ்' மன்றங்கள் விடுபட்டுப்போகும். நமக்கு நன்கு பழகிய 'உள்ளாட்சி' எல்லா மட்டத்தையும் தழுவும் சொல். கவுன்ட்டியின் ஆட்சி அங்கே உண்டு என்பதால் 'தனி' என்ற அடையும் தேவை. எனவே 'தனி உள்ளாட்சி இல்லாத ஊர்' என்பதே பொருத்தம். 'சென்சஸ் டெசிக்னேட்டட் பிளேஸ்' என்பதைக் 'கணக்கெடுப்புக்கென வரையறுத்த இடம்' எனலாம்.

இதைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று சுருக்கிவிடக் கூடாது. அது இந்தியக் கணக்கெடுப்பின் கலைச்சொல்: நகர உள்ளாட்சி பெறாமலே, குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் நிறைந்த ஊரைக் குறிப்பது. அத்தகைய ஊருக்குப் பொதுவாக ஊராட்சி மன்றம் இருக்கும்.