தாளில் அழகு, திரையில் அச்சம்

2017 டிசம்பரில் ‘அலிட்டா: பேட்டில் ஏஞ்சல்’ படத்தின் முதல் டிரெய்லர் வந்தபோது, கதையைவிட, கணினியில் உருவாக்கப்பட்ட கதாநாயகி அலிட்டாவின் கண்களைப் பற்றித்தான் பேச்சு. முகத்தின் தோல் அசல் மனிதத் தோல் போலவே இருந்தது. கண்கள் மட்டும் எந்த மனித முகத்திலும் இல்லாத அளவுக்குப் பெரியவை. பார்த்த பலருக்கும் ஒரு மாதிரி இருந்தது. இத்தனைக்கும் யுகிட்டோ கிஷிரோ 1990-இல் தொடங்கிய மூல மங்காவிலும் (ஜப்பானியப் படக்கதையிலும்) அவளுக்குப் பெரிய கண்கள்தான். அங்கே அழகு, இங்கே அச்சம். ஏன்?

மங்காவில் கண் என்பது நாலைந்து கோடுகள். இமைக்கு ஒரு தடித்த வளைவு, உள்ளே அடர்ந்த கருமை, அதன் ஓரத்தில் மை படாமல் விட்ட ஒரு வெள்ளைப் பொட்டு. மூக்குக்கு ஒரு சின்னக் கீறல் போதும். இது முகம் என்று மூளைக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் நிஜ முகத்தை அளக்கும் கோலால் அதை அளப்பதில்லை. தோலும் மயிர்க்கால்களும் தெரியத் தொடங்கினால்தான் அந்தக் கோல் வெளியே வருகிறது.

இதை முதலில் எழுதி வைத்தவரும் ஒரு ஜப்பானியர்தான். ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி, 1970-இல் ஒரு செயற்கைக் கையை உதாரணம் காட்டினார். பார்க்க அசல் கை மாதிரியே இருக்கும். குலுக்கினால் எலும்பில்லாமல், சில்லென்று இருக்கும். அந்த நொடியில் உடம்பு கூசுகிறது. மனிதச் சாயல் கூடக் கூடப் பொம்மை மேல் நமக்கு ஒட்டுதல் வளரும், அசலை நெருங்கும் இடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழும் என்றார் அவர். 2007-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு இதைக் கண்களை வைத்தே சோதித்தது. முகம் எவ்வளவு நிஜமாக இருந்ததோ, பெரிதாக்கிய கண்கள் அவ்வளவு உறுத்தின.

சரி, கண்ணைச் சின்னதாக்கிவிடலாமே? படக்குழு அதைச் செய்யவில்லை. கருவிழியை இன்னும் பெரிதாக்கி, சுற்றியிருந்த வெள்ளையைக் குறைத்தார்கள். இந்தப் படத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. பயத்தில் நாம் கண்ணை அகல விரிக்கும்போது வெள்ளை அதிகம் தெரியும். பயந்த கண்ணின் வெள்ளையைக் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டினாலே மூளையின் அச்ச மையமான அமிக்டலா விழித்துக்கொள்கிறது என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, அந்த டிரெய்லரில் பலரைத் தொந்தரவு செய்தது கண்ணின் அளவு மட்டுமல்ல, அதிலிருந்த வெள்ளையும்தான் என்பது என் கணிப்பு. பச்சைக் குழந்தையைப் பாருங்கள். கருவிழியின் முன்படலம் பிறக்கும்போதே சுமார் 10 மி.மீ. அகலம், பெரியவர்களுக்கே சுமார் 12 மி.மீ.தான். சின்ன முகத்தில் கருமை நிறைந்து நிற்கிறது. நமக்கு அள்ளிக் கொஞ்சத் தோன்றுகிறது.

அளவு சரியானாலும் கண்ணுக்கு உயிர் வர வேண்டுமே. அலிட்டாவாக நடித்த ரோசா சலசாரின் தலையில் கேமராக்களைப் பொருத்தி, முகத்தில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு தசை அசைவையும் பதிவு செய்தார்கள். நியூசிலாந்தின் வீட்டா டிஜிட்டல் என்ற கணினி வரைகலை நிறுவனத்தின் கலைஞர்கள் அதைக்கொண்டு முதலில் கணினியில் ரோசாவையே உருவாக்கினார்கள். அந்தக் கணினி ரோசா அசல் ரோசாவைப் போல அசைகிறாளா என்று பார்த்த பிறகே, அசைவுகளை அலிட்டாவின் முகத்துக்கு மாற்றினார்கள். நேராக மாற்றியிருந்தால், தப்பு என்பது நடிப்பைப் பதிவு செய்ததில் வந்ததா, முகத்தை மாற்றியதில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

அப்புறம் இமை. கண் பெரிதானால் மேல் இமை கடக்கும் தூரமும் கூடும். ஒரு சிமிட்டலுக்கு ஐந்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் திரையில் அது ஐந்தே சட்டங்கள். அதற்குள் நீண்ட தூரம் இறங்கி ஏற வேண்டும். கீழ் இமையின் விளிம்பில் தேங்கும் கண்ணீர்க் கோடு மெல்லிய ஒளியோடு தெரிய வேண்டும். அது இல்லாத கண் கண்ணாடிக் கோலிதான்.

படம் 2019-இல் வெளியானது. அதில் அலிட்டா வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் பார்க்கிறாள். தோலோடு கடித்துவிட்டு முகம் சுளிக்கிறாள். அந்த இடத்தில் நான் கண்ணின் அளவை மறந்து, அவளுக்குத் தோலை உரித்துக் கொடுக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.