களைத்த பிள்ளை ஏன் துள்ளுகிறது?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து அம்மா வீடு சேர இரவு ஒன்பது ஆகிவிடும். அதுவரை அம்மிச்சி மடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளை, அம்மாவைக் கண்டதும் துள்ளிக் குதிக்கும். பத்தரை ஆனாலும் அடங்காது. தெம்பு மிஞ்சிப்போய் ஆடுகிறது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது களைப்பு.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரக் கண் சொக்கும். இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும். சிறு பிள்ளைகளின் கண்ணுக்குள் பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் புகுவதால், டியூப் லைட்டும் செல்போனும் அந்தச் சுரப்பைச் சட்டென்று குறைத்துவிடுகின்றன. தூக்கம் வரும் வேளை தப்பிவிட்டால், விழித்திருக்க உடல் போராடும். அந்தப் போராட்டம்தான் துள்ளலாகவும் அடமாகவும் வெளிப்படுகிறது.

தூக்கம் குறைந்த மூளையில், அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி சின்ன விஷயத்துக்கும் பொங்கும். அதைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியோ அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. காலையில் தோசை பிய்ந்துவிட்டது என்று புரண்டு அழும் பிள்ளையை அடிப்பது அநியாயம். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடுராத்திரி அழுகைக்குக் காரணம் வேறு. எல்லாப் பிள்ளைகளும் இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கும். தூளி ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை பாயில் விழித்தால், மறுபடி தூங்க அந்த ஆட்டத்தையே தேடும். விசைத்தறி ஓடும் சோமனூர்ப் பக்கம், சத்தத்திலேயே தூங்கிப் பழகியதால், மின்சாரம் நின்று தறிச் சத்தம் ஓய்ந்ததும் எழுந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே ஆட்டுவதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கண் சொக்கும்போதே பாயில் கிடத்தி, பக்கத்தில் கை வைத்திருங்கள். சில இரவுகள் அழும். பிறகு தானே தூங்கப் பழகிவிடும்.

பத்தரைக்குத்தான் தூங்குகிறது என்றால், எட்டு மணிக்கே படுக்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். சில நாள் பத்தரைக்கே படுக்க வையுங்கள். உடனே தூங்கத் தொடங்கியபின், சில நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

வாய் திறந்து தினமும் குறட்டை விட்டால், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். ஓயாமல் கால்களை உதறினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மெலடோனின் மருந்தை நீங்களாகவே கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.